வடுவின் விளிம்பில்

மாரடைப்பில் பிழைத்த ஒருவர் நான்கைந்து வருடம் கழித்துத் திடீரென்று விழுந்து இறந்துபோவது வெலிமடை, ஹாலி-எல, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் கேள்விப்படாத கதையல்ல. மாதாமாதம் கிளினிக்குக்குப் போனார், மாத்திரையை விடவில்லை, முதல்நாள்கூட மலைக்குப் போய் வேலை செய்தார். பிறகு எப்படி? "ரெண்டாவது அற்றாக் வந்திருச்சு" என்று வீட்டார் சொல்வார்கள். பல வேளைகளில் அது இரண்டாவது அடைப்பே அல்ல. இரத்தக்குழாய் எதுவும் புதிதாக அடைபட்டிருக்காது. முதல் மாரடைப்பு இதயத்தசையில் விட்டுப்போன வடு, இத்தனை வருடம் சும்மா இருந்த வடு, அன்றைக்கு மின்னலையைத் தவறான வழியில் சுழலவிட்டிருக்கும். கீழறைகள் நிமிடத்துக்கு 180, 200 முறை துடிக்கத் தொடங்கும். இரத்தம் தலைக்கு ஏறாது. அடுத்த சில நிமிடங்களில் துடிப்பு குலைந்து வெறும் நடுக்கமாகிவிடும்.

அந்தச் சுழற்சியை மின்துடிப்புக் கொடுத்து நிறுத்தலாம். அதே மின்துடிப்பு, கொடுக்கும் இடமும் நேரமும் மாறினால், இல்லாத சுழற்சியைத் தொடக்கியும் வைக்கும். எது எப்போது நடக்கும் என்பதை ஆயிரம் விதமாக மாற்றி மாற்றி நோயாளியின் நெஞ்சில் சோதித்துப் பார்க்க எந்த வைத்தியருக்கும் மனம் வராது. கணினியில் பார்க்கலாம். உலகின் பல ஆய்வுகூடங்களோடு சென்னையும் பெங்களூரும் இருபது வருடங்களுக்கு மேலாக இதைச் செய்துவருகின்றன. அந்தக் கணக்கில் மலையகத்து இதயங்களும் சேர வேண்டும் என்பதே இங்கே என் வாதம். எப்படிச் சேர்ப்பது என்று பார்க்குமுன், கணக்கு என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இதயத்தசையின் ஒவ்வோர் உயிரணுவும் ஓய்வாக இருக்கும்போது, உள்ளே இருக்கும் மின்னழுத்தம் வெளியே இருப்பதைவிட ஏறக்குறைய 85 மில்லிவோல்ட் குறைந்திருக்கும். பக்கத்து உயிரணு தூண்டப்பட்டால் இதன் சோடியம் வாயில்கள் திறந்து, ஓரிரு மில்லிசெக்கனில் அழுத்தம் மேலே பாய்கிறது. கல்சியம் உள்ளே வந்து தசையைச் சுருக்குகிறது. பொற்றாசியம் வெளியேறி முடிய, சுமார் 300 மில்லிசெக்கனில் பழைய நிலை திரும்புகிறது. அந்த நேரத்தின் பெரும்பகுதியில் எவ்வளவு தூண்டினாலும் அந்த உயிரணு மறுபடி எழும்பாது. இதை மீள்காலம் என்போம். ஊவாவில் கச்சான் வீசும் மாதங்களில் மானாப்புல் சரிவு பற்றியெரிவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். எரிந்த தரையில் தீ உடனே திரும்பி வராது, புல் மறுபடி வளர்ந்திருக்க வேண்டும். இரண்டு தீமுகங்கள் எதிரெதிரே வந்து முட்டினால் இரண்டும் அணைந்துபோகும். இதயத்தின் மின்னலைக்கும் இந்த இரண்டு விதிகளும் அப்படியே பொருந்தும்.

இந்த விதிகளிலிருந்து சுழற்சி எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஜோர்ஜ் மைன்ஸ். விலங்கு இதயத்திலிருந்து வளையமாக வெட்டியெடுத்த தசையில், ஒரு தடவை தூண்டிய அலை திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருப்பதை அவர் 1913, 1914 ஆம் ஆண்டுகளில் எழுதிவைத்தார். 1914 நவம்பரில், முப்பது வயதுக்கு முன்பே, இறந்துபோனார். 1946 இல் நோர்பர்ட் வீனரும் ஆர்துரோ ரோசன்புளூத்தும் மெக்சிக்கோவில் இருந்தபடி, தூண்டலுக்கு உள்ளாகாத ஒரு தடையைச் சுற்றி அலை எப்படி ஓடும் என்பதைக் கணிதமாக எழுதினார்கள். இதயத்தின் வடுவைக் கணக்கில் கொண்டுவரும் வழி அங்கிருந்து தொடங்குகிறது எனலாம்.

ஒரு சிறு பெருக்கல் போதும், விஷயம் புரிந்துவிடும். சுகமான கீழறைத் தசையில் அலை செக்கனுக்கு ஏறக்குறைய அரை மீற்றர் ஓடுகிறது. மீள்காலம் கால் செக்கன் என்று வைத்துக்கொள்வோம். அலையின் தலை ஓரிடத்தைக் கடந்தபின், அந்த இடம் மறுபடி தயாராவதற்குள் தலை பன்னிரண்டரை சென்ரிமீற்றர் முன்னே போய்விடும். ஆகவே அலை தன் வாலைத் தானே கடிக்காமல் சுற்றிவர வேண்டுமானால் பாதையின் சுற்றளவு பன்னிரண்டரை சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டும். கைமுட்டி அளவான இதயத்தில் அப்படியொரு தனிப்பாதை எளிதில் அமையாது. இப்போது வேகத்தை ஐந்தில் ஒன்றாக, செக்கனுக்குப் பத்து சென்ரிமீற்றராகக் குறைத்துப் பாருங்கள். இரண்டரை சென்ரிமீற்றர் பாதை போதும். ஒரு சிறிய வடுவைச் சுற்றியோ, வடுவுக்கு உள்ளேயோகூட அது அடங்கிவிடும். இதயத்துக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்பதற்கு இந்தப் பெருக்கலே விடை: அலை எங்கே மெதுவாகிறதோ அங்கே.

முழுதும் இறந்து நாராகிப்போன நடுவடு மின்னலையை ஏற்காது, கடத்தாது. அது வெறும் தடை. மெதுவாக்குவது அதன் விளிம்பு. குருதி நின்றுபோன பகுதியில் தசை ஒரே நேரத்தில் சாவதில்லை. நாய்களின் இதயக்குழாயைக் கட்டி ரைமரும் ஜெனிங்ஸும் 1977 இல் காட்டியதுபோல, சாவு உட்சுவரில் தொடங்கி நேரம் போகப் போக வெளிச்சுவரை நோக்கி நகர்கிறது. நாற்பது நிமிடத்தில் குழாயைத் திறந்தால் உட்பகுதி மட்டும் போகும். ஆறு மணித்தியாலம் கழிந்தால் தடிப்பின் பெரும்பகுதி போய்விடும். இடையில் தப்பிய உயிரணுக்கள் நார்களுக்கு நடுவே மெல்லிய இழைகளாக மாட்டிக்கொள்கின்றன. 1993 இல் ஆம்ஸ்டர்டாமில் டி பாக்கரும் கூட்டாளிகளும் மனித இதய வடுக்களை நுணுகி அளந்தபோது, உயிருள்ள இழைகளில் அலை நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போவதைக் கண்டார்கள். இழையில் ஓடும் வேகம் அவ்வளவு மோசமில்லை. ஆனால் வழி நீண்டது, எனவே வடுவின் அந்தப் பக்கம் வந்துசேரத் தாமதமாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அலை ஊர்ந்து போவதாகத் தெரியும். தழும்பு இருப்பதாக எக்கோ சொல்லும். அந்தத் தழும்புக்குள் இழைகள் எப்படி ஓடுகின்றன என்பதை எக்கோ சொல்லாது.

இனி கணினிக்கு வருவோம். ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952 இல் கணவாயின் நரம்புக்கு எழுதிய சமன்பாடுகளை இதயத்துக்கு ஏற்றபடி மாற்றி, லண்டன் பல்கலைக்கழகத்தின் மெர்க்குரி கணினியில் ஓட்டியவர் டெனிஸ் நோபிள், 1960 இல். அப்போது கிடைத்தது ஒரேயோர் உயிரணு. இன்றைக்கு அதே கருத்து விரிந்து, தசையைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உயிரணுவின் சமன்பாடுகளை வைத்து, பக்கத்துக் கட்டங்களோடு மின்னோட்டம் பகிரச் செய்கிறார்கள். கட்டத்துக்குக் கட்டம் கால் மில்லிமீற்றர், நேரத்தில் ஒரு படி 0.02 மில்லிசெக்கன் என்று வைப்பது வழக்கம். 512 கட்டம் நீளம், 512 கட்டம் அகலம் என்றால் பதின்மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த ஒரு சதுரத் தசை. இதில் 2,62,144 கட்டங்கள். இதயத்தின் ஒரு செக்கனைக் காட்ட 50,000 படிகள் ஓட வேண்டும். பெருக்கினால் 1,300 கோடிக்கு மேற்பட்ட தடவை கணக்குப் போட்டாக வேண்டும், ஒவ்வொரு தடவையும் பத்துப் பன்னிரண்டு சமன்பாடுகள். அதுவும் தட்டையான ஒரு துண்டுக்கு மட்டும். முழு இதயத்தின் வடிவத்துக்குப் போனால் வேலை இன்னும் பெருகும்.

அப்படியொரு தட்டைத் துண்டில் வடுவை வைத்துப் பார்த்தவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் சோலிங் ஜிமிக்கும் ராகுல் பண்டிட்டும். அவர்களுடைய 2017 ஆம் ஆண்டு ஆய்வு, மனிதக் கீழறைத் தசையின் கணித மாதிரியில் ஓரிடத்தில் மட்டும் நார்ப்பகுதி இருக்கும்போது வேகமாகத் துடிப்புக் கொடுத்தால் என்ன ஆகிறது என்பதைப் பற்றியது. ஆறுதலாகத் துடிப்புக் கொடுத்தால் அலை அந்த இடத்தைக் கடந்து ஒன்றாகச் சேர்ந்து போய்விடுகிறது. துடிப்பு நெருக்கமாக வரும்போது, நார்களுக்கு நடுவிலுள்ள உயிரணுக்கள் முந்தைய துடிப்பிலிருந்து முழுதாக மீளுமுன் அடுத்த அலை வந்துவிடுகிறது. ஓர் ஒடுக்கமான இழையிலிருந்து அகன்ற தசைக்குள் இறங்க அலைக்கு வலு போதாது, அங்கே தடைபடுகிறது. இன்னோர் இழை வழியாகப் போன பகுதி மட்டும் வெளியே வந்து, தடைபட்ட இடத்துக்குப் பின்பக்கமாகத் திரும்பி நுழைகிறது. அவ்வளவுதான், சுழல் பிறந்துவிட்டது. படியேறியோ பயந்தோ நாடி எகிறும் நேரத்தில் பழைய வடு ஏன் விழித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வாசித்ததில்லை.

அதற்குப் பத்து வருடம் முன்பே, 2007 இல், டி. கே. ஷாஜகான், சிதாப்ர சின்ஹா, ராகுல் பண்டிட் மூவரும் சேர்ந்து ஒரு முக்கியமான எச்சரிக்கையை வெளியிட்டிருந்தார்கள். ஒரே அளவான தடையை மாதிரித் தசையில் ஓரிடத்தில் வைத்தால் சுழலலை துண்டு துண்டாகச் சிதறிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் நகர்த்தி வைத்தால் சுழல் அதைப் பற்றிக்கொண்டு நிலையாகச் சுற்றுகிறது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் சுழல் ஓய்ந்தே போகிறது. நகர்த்திய தூரமோ சிறிது. வடு எவ்வளவு பெரியது என்ற ஒரே எண்ணை வைத்து ஒருவரின் தலைவிதியைச் சொல்ல முடியாது என்பதை இதைவிட உறுதியாகச் சொல்ல வேறென்ன வேண்டும்? ஆனால் இன்றும் உலகெங்கும் வைத்தியசாலைகள் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் நம்பியிருக்கின்றன. இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளித்தள்ளுகிறது என்பதே அந்த எண். 35 வீதமோ அதற்குக் கீழோ இருந்தால் அதிர்ச்சி கொடுக்கும் கருவியைப் பொருத்த யோசிக்கிறார்கள். பொருத்திக்கொண்டவர்களில் பலருக்குக் கருவி ஒருநாளும் வேலை செய்ய நேர்வதில்லை. திடீரென்று இறப்பவர்களில் பலரோ 35க்கு மேலே இருந்தவர்கள்.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது 2002 இல் வந்த ஓர் ஆய்வு. இன்று சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியரான சிதாப்ர சின்ஹா, நியூயோர்க்கைச் சேர்ந்த கென்னத் ஸ்டைன், டேவிட் கிறிஸ்டினி ஆகியோரோடு சேர்ந்து எழுதியது. வேகத்துடிப்பைச் சில மின்துடிப்புகளால் நிறுத்தும்போது உண்மையில் நடப்பது என்ன என்பதே கேள்வி. சுழற்சி ஒரு வளையத்தில் ஓடுகிறது. கருவியின் முனை வளையத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து கிளம்பிய அலை வளையத்தைத் தொட்டதும் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை சுழற்சிக்கு எதிர்த்திசையில் போய், வரும் அலையோடு மோதி இரண்டும் அழியும். மற்றக் கிளை சுழற்சியின் திசையிலேயே ஓடி, அழிந்த அலையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக, பழைய சுழற்சி போய்ப் புதிய சுழற்சி வந்தது, நோயாளிக்கு ஒன்றும் மாறவில்லை. அந்த இரண்டாவது கிளையும் எங்காவது தடைபட்டால்தான் சுழற்சி நிற்கும். வளையம் முழுவதும் ஒரே சீராக இருந்தால் அது தடைபடுவது கடினம். வழியில் மெதுவான ஒரு பகுதி இருந்தால், வழமையைவிட முந்திவந்த அலை அந்தப் பகுதி மீளுமுன் அங்கே போய்ச் சேர்ந்து நின்றுவிடும். தசையின் சீரின்மைதான் நோயைப் பிறப்பிக்கிறது என்று நாம் பார்த்தோம். அதே சீரின்மை இல்லாவிட்டால் மின்துடிப்பு வைத்தியம் பலிப்பதும் அரிது என்று அந்தக் கணக்கு சொல்கிறது.

நடைமுறையில் கருவிகள் செய்வதோடு இதைப் பொருத்திப் பாருங்கள். நெஞ்சில் பொருத்திய கருவி வேகத்துடிப்பைக் கண்டதும் உடனே அதிர்ச்சி கொடுப்பதில்லை. நிமிடத்துக்கு 200 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 300 மில்லிசெக்கன். அதன் 88 வீதம், அதாவது 264 மில்லிசெக்கன் இடைவெளியில், எட்டு மெல்லிய துடிப்புகளை அனுப்பிப் பார்க்கிறது. 2004 இல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில், 634 பேருக்குக் கருவி பொருத்தி ஒப்பிட்டபோது, வேகமான கீழறைத்துடிப்புகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இந்த எட்டுத் துடிப்புகளோடு, வலியில்லாமல், நின்றது. அந்த 88 என்ற எண் எல்லோருக்கும் பொதுவாக வைத்தது. மிச்ச நான்கில் ஒரு பங்குக்கு எந்த எண் சரி, முனையை எங்கே வைத்திருந்தால் பலித்திருக்கும் என்பதற்கு அவரவர் வடுவின் படம் வேண்டும்.

அந்தப் படத்திலிருந்து அவரவர் இதயத்தையே கணினிக்குள் கட்டியெழுப்பியது அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடாலியா திரயனோவாவின் குழு. காடோலினியம் கலந்த மருந்தை ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தால், சில நிமிடங்களில் சுகமான தசையிலிருந்து அது வடிந்துவிடும், வடுவில் தங்கி வெள்ளையாகத் தெரியும். முழு வெள்ளை நடுவடு, சாம்பல் நிறம் விளிம்பு. 2016 இல் வெளிவந்த அவர்களது ஆய்வில், மாரடைப்பில் பிழைத்த 41 பேரின் இதயங்களை இப்படிக் கணினியில் கட்டி, ஒவ்வொன்றுக்கும் 19 இடங்களிலிருந்து மின்துடிப்புக் கொடுத்து, சுழற்சி பிறக்கிறதா என்று பார்த்தார்கள். பிறந்தவர்களுக்கு, பிறக்காதவர்களைவிட நான்கு மடங்கு அதிகமாகப் பின்னாளில் ஆபத்தான துடிப்பு உண்மையாகவே வந்திருந்தது. பழைய பதிவுகளை வைத்துச் செய்தது, ஆட்களும் குறைவு. இருந்தாலும் இரத்தம் வெளித்தள்ளும் வீதத்தைவிட இது நன்றாகவே பிரித்துக் காட்டியது.

இந்த மாதிரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. எந்த வெள்ளையை வடு என்பது, எந்தச் சாம்பலை விளிம்பு என்பது என்ற எல்லைக்கோட்டை மனிதர்தான் போடுகிறார். கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால், ஷாஜகான் குழு காட்டியதுபோல, விடையே மாறக்கூடும். டி பாக்கர் கண்ட இழைகள் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்தவை. எம்ஆர்ஐயின் கண்ணுக்கு அவை தனித்தனியாகத் தெரியாது. இதயத்துக்கு வரும் நரம்புகளும் பெரும்பாலான மாதிரிகளில் இல்லை. லொஸ் ஏஞ்சல்ஸில் கல்யாணம் சிவகுமார் நடத்தும் ஆய்வுகளோ, வடுப்பட்ட இதயத்தின் துடிப்புக்கோளாறில் அந்த நரம்புகளின் பங்கைத்தான் முதன்மையாக எடுத்துப் பேசுகின்றன. மாத்திரைகள், உப்புச்சத்துகள், அன்றைய காய்ச்சல் என்று விடுபடுபவை இன்னும் உண்டு. ஆனாலும், கேள்வியைச் சரியாகக் கேட்கக் கற்றுத்தருவதில் இவற்றுக்கு இணை இல்லை என்பதே என் எண்ணம்.

வடு எங்கே என்ற கேள்வி பேஸ்மேக்கருக்கும் உண்டு. இதயம் தளர்ந்தவர்களுக்கு இரண்டு கீழறைகளையும் ஒருசேரத் துடிக்க வைக்கும் கருவி பொருத்தும்போது, முனை வடுவின்மேல் அமைந்துவிட்டால் துடிப்புத் தசையைப் பிடிப்பதில்லை, பிடித்தாலும் தாமதமாகப் பரவுகிறது. இதற்கு மாற்றாக, இதயத்தின் சொந்த மின்கம்பிகளான ஹிஸ் கட்டையும் அதன் இடது கிளையையுமே நேரடியாகத் தூண்டும் முறையில் பென்சில்வேனியாவின் புகழேந்தி விஜயராமனும், மதுரையின் சண்முகசுந்தரம் பொன்னுசாமியும் முன்னணியில் இருக்கிறார்கள். அங்கும் நடுச்சுவரில் வடு இருந்தால் முனையை உள்ளே திருகி இறக்குவது சிரமம். எங்கே திரும்பினாலும் வடுவின் படம்தான் முதல் தேவை.

மலையகத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் நெஞ்சு பிடிக்கிறது. முதலில் வாயுக்குத்து என்று இஞ்சியோ சோடாவோ குடித்துப் பார்க்கிறார்கள். பிறகு தோட்ட டிஸ்பென்சரி. பிறகு ஓட்டோ பிடித்து வெலிமடை ஆஸ்பத்திரி. அங்கிருந்து அம்புலன்ஸில் முப்பது கிலோமீற்றருக்கு மேல் வளைந்து இறங்கும் ஏ5 வீதியில் பதுளைப் பெரியாஸ்பத்திரி. இதயத்தின் மின்வழிகளை ஆராயும் சிறப்புப் பிரிவு வேண்டுமென்றால் பெரும்பாலும் கொழும்பு, இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால். இத்தாலியில் 11,806 பேரிடம், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸைச் சோதித்த 1986 ஆம் ஆண்டு ஆய்வில், வலி தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் ஊசி போடப்பட்டவர்களின் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தாமதமானவர்களுக்கு நன்மை சுருங்கிக்கொண்டே போனது. லயத்திலிருந்து பிரதான வீதி வரைக்குமான அந்தப் பாதையில் போகும் ஒவ்வொரு பத்து நிமிடமும் பின்னாளில் ஒரு விளிம்பாக, ஒரு மெதுவான வழியாக இதயத்தில் தங்கிவிடுகிறது. ஊவாவின் பல வடுக்களைத் தீர்மானிப்பதில் இந்த வீதிக்கும் பங்குண்டு.

காடோலினியம் ஏற்றி எடுக்கும் இதய எம்ஆர்ஐ எங்கள் கிளினிக்குகளில் எழுதிக்கொடுக்கும் வழமையான பரிசோதனை அல்ல. எல்லோருக்கும் உடனே அதைக் கேட்பது நடக்காத பேச்சு. நடக்கக்கூடியது இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் காட்டில் வலி தொடங்கிய நேரம், ஊசி போட்ட நேரம் இரண்டையும் தவறாமல் எழுதலாம். ஈசிஜியும் எக்கோவும் பெயர் நீக்கப்பட்டு ஓரிடத்தில் சேரலாம். மயக்கம் போட்டவர்கள், நெஞ்சு படபடத்துக் கண் இருண்டவர்கள் என்று தேர்ந்தெடுத்த சிலருக்காவது எம்ஆர்ஐ எடுக்கலாம். கணினிப் பக்கம் பணமே பெரிய தடை என்று சொல்ல முடியாது. ஓப்பன்கார்ப், சேஸ்ட் போன்ற இதய மென்பொருள்கள் ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. மருத்துவ பீடமும் பொறியியல் பீடமும் ஒருசேர இருக்கும் பேராதனையும் எட்டாத தூரத்தில் இல்லை. தட்டைத் துண்டில் ஒரு வடுவை வைத்து அலை ஓட்டிப் பார்ப்பது ஓர் இறுதியாண்டு மாணவர் செய்து முடிக்கக்கூடிய வேலை. தரமணியும் பெங்களூரும் இந்தத் துறையில் எழுதியவற்றைப் படித்துக்கொண்டு தொடங்கலாம். ஊவா வெல்லஸ்ஸ, பேராதனைப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களும் பதுளையின் இதயநோய் வைத்தியர்களும் ஒரு மேசையில் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாசிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வடு சிறிதாக அமைவது முதல் மணித்தியாலத்தில்தான், எந்தக் கணினியும் அதைப் பிறகு சிறிதாக்காது. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி, பிறகு நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் சோடாவைத் தேடாமல் 1990ஐ அழையுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள், வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை அங்கே சொல்லி எழுதச் செய்யுங்கள்.